பெரிய கோயிலின் நிழல் தரையில் விழுகிறது, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் துணுக்குப் பகுதியில், தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று போட்டிருந்தீர்கள். விழுகிறது, ஐயா. ஞாயிற்றுக்கிழமை காலை அந்த நிழலுக்குள் நின்றுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் துணுக்குப் பகுதியை என்னைப் போல ஆசையாகப் படிக்கிறவர்கள் இந்த ஊரில் குறைவுதான். தாலுகா அலுவலகம் பக்கம் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் என்று விலை எழுதி வைக்கத்தான் அதை வாங்கினேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. பட்டா நகல், ஆதார் நகல் என்று இருபது பேர் வெயிலில் நிற்கிறார்கள், எல்லார் முகத்திலும் கடுப்பு. சும்மா நிற்க வேண்டாமே என்று அன்றைய பேப்பரில் வந்த துணுக்கை எடுத்துப் பலகையில் எழுதினேன். வீடியோ கேம் செய்கிற நின்டெண்டோ கம்பெனி 1889-ல் ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் சீட்டுக்கட்டு செய்கிற கடையாகத் தொடங்கியது என்பதுதான் அது. ஒரு பெரியவர் படித்துவிட்டு, "சரிதான், நம்மள மாதிரி அவங்களுக்கும் கரண்ட் இல்ல, சீட்டுதான் ஆடியிருக்காங்க" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. கரண்ட் வர முக்கால் மணி நேரம் ஆனது, ஒருத்தரும் போகவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலை பலகையைத் துடைத்துப் புதுத் துணுக்கு எழுதுவது. சாக்பீஸ் ஒரு டப்பா எப்போதும் டோனர் பக்கத்திலேயே இருக்கும். "இன்னைக்கு என்னக்கா போட்டிருக்கீங்க" என்று கேட்டுக்கொண்டே வருகிறவர்கள் இருக்கிறார்கள். படித்துவிட்டுச் சிலர் "அட!" என்று ஒரு நிமிடம் நிற்பார்கள். சிலர் "சும்மா கதை விடாதீங்க" என்பார்கள். பத்திர எழுத்தரிடம் வேலை செய்கிற ஒரு தம்பி எதைப் போட்டாலும் "இதை யாருக்கா போய்ப் பார்த்தது?" என்றுதான் கேட்பான். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வந்தது. இப்போது அவன் கேட்கிற அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கேட்க உட்கார்ந்திருக்கிறேன்.

நிழல் விழாது என்பதையும் நான் நம்பித்தான் பலகையில் எழுதினேன். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது, உள்ளூர் பெருமை, அதுவும் பேப்பரில் வந்துவிட்டது, அப்புறம் என்ன சந்தேகம்? படித்தவர்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான். மதியம் விதவைப் பென்ஷன் மனு நகல் எடுக்க ஓர் அம்மா வந்தார்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள், சொன்னேன். அவர்கள் முன்னே கோயில் பிராகாரத்தில் புல் வெட்டுகிற வேலைக்குப் போனவர்களாம். "என்னம்மா சொல்ற? காலையில நாங்க சோத்து மூட்டையப் பிரிக்கிறதே அந்தக் கோபுர நிழல்லதானே" என்றார்கள். சண்டை போடுகிற மாதிரியெல்லாம் சொல்லவில்லை. இதைப் போய் எழுதி வைத்திருக்கிறாளே என்கிற மாதிரி, ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. தஞ்சாவூரில் பிறந்து, நூறு தடவைக்கு மேல் அந்தக் கோயிலுக்குப் போயிருக்கிறேன், ஒரு தடவைகூடத் தரையைப் பார்த்ததில்லை. உள்ளே நுழைந்தால் யாராக இருந்தாலும் தலை மேலேதானே போகும்!

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பத்து மணி இருக்கும். நந்தியைத் தாண்டி, வடக்குப் பக்கமாகச் சுற்றிக் கோபுரத்துக்குப் பின்னால் மேற்குப் பிராகாரத்துக்கு வந்தோம். செருப்பில்லாத கால், தரை அதற்குள் கொதிக்க ஆரம்பித்துவிட்டது, இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஓடுகிறோம். திடீரென்று உள்ளங்கால் குளிர்ந்தது. நின்று கீழே பார்த்தால் கருப்பாகக் கோடு போட்ட மாதிரி நிழல். அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். கோபுரத்தின் அடுக்கு அடுக்கான பக்கம் அப்படியே தரையில் ஏறி ஏறிக் குறுகிக்கொண்டு போகிறது, நுனியில் உருண்டையாகச் சிகரம், அதற்கு மேலே கலசம். கலசத்தின் நிழலுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் உட்கார்ந்து குழந்தைக்குப் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தது. நிழலில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு எந்த எண்ணமும் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்று மகள்தான் அங்கேயே நின்று கணக்குப் போட்டாள். கோபுரம் 216 அடி உயரம், அடிப்பகுதி சுமார் 100 அடி அகலம், மேலே போகப் போகக் குறுகுகிறது. உச்சி வெயிலில் சூரியன் தலைக்கு மேலே இருக்கும்போது நிழல் அதன் அடிப்பகுதியின் மேலேயே படிந்துவிடும், வெளியே தரைக்கு வராது. வருடத்தில் பல மாதம் நடுப்பகலில் அப்படித்தான் இருக்கும். மதியம் வந்து பார்த்தவர்கள் யாரோ சொல்லியிருக்க வேண்டும், "மதியம்" என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துபோயிருக்க வேண்டும். பாருங்கள், இந்த விளக்கத்தோடு போட்டிருந்தால் அது எவ்வளவு நல்ல துணுக்கு! ராஜராஜ சோழனுக்கும் இதில் ஒரு குறைவும் இல்லை. 1010-ல் கருங்கல்லை அந்த உயரத்துக்கு அடுக்கியவனுக்கு இல்லாத நிழலை வைத்துப் பெருமை சேர்க்க வேண்டியதே இல்லை.

அதே கோயிலைப் பற்றி ஆச்சரியமாக ஏதாவது வேண்டுமென்றால் நிஜமாக நடந்ததே இருக்கிறது. 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி நிலத்தை அளக்கத் தொடங்கினார். அங்கே தொடங்கிய அளவைதான் பல வருடம் கழித்து, அவருக்குப் பின் வந்தவர்கள் காலத்தில் இமயமலை வரை போய் எவரெஸ்டின் உயரத்தைக் கண்டுபிடித்தது. மலைகள் இருக்கிற இடத்தில் மலை உச்சியில் கருவியை வைத்துக் கோணம் அளப்பார்கள். எங்கள் டெல்டாவில் மலைக்கு எங்கே போவது? கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் தென்னையும்தான். அதனால் கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார்கள். தியோடலைட் என்ற அந்தக் கருவி அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும்போதே பிரெஞ்சுக்காரர்கள் கையில் சிக்கி மொரீஷியஸ் போய், அங்கே அது என்னவென்று தெரிந்ததும் மரியாதையாகச் சென்னைக்குத் திருப்பி அனுப்பப்பட்டதாம். 1808-ல் அதைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு விட்டுப்போய், கருவி சுவரில் மோதி, கோணம் அளக்கிற வட்டம் நெளிந்துவிட்டது. வேறு யாராவது இருந்தால் லண்டனுக்குக் கடிதம் எழுதிப் புதுக் கருவிக்குக் காத்திருந்திருப்பார்கள். லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் திருகும் ஆப்பும் வைத்து, மயிரிழை மயிரிழையாக அந்த வட்டத்தை நிமிர்த்தி, அதே கருவியை வைத்து மேலே அளந்துகொண்டு போனார்.

இதைப் பலகையில் எழுதிய அன்று சர்வேயர் ஒருவர், எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடத்தின் நகல் எடுக்க வந்தவர், வண்டியை ஸ்டாண்ட் கூடப் போடாமல் சீட்டில் உட்கார்ந்தபடியே முழுவதும் படித்தார். "நாங்க இன்னும் அந்த ஆள் போட்ட கணக்கு மேலதாம்மா நிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, கோபுரம் தெரிகிற பக்கமாகத் திரும்பி ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேறொன்று பிடித்தது. ஆக்ஸ்போர்டில் பாடம் நடந்ததற்குக் கிடைக்கிற முதல் தடயம் 1096, மெக்சிகோவில் அஸ்டெக் மக்கள் தங்கள் தலைநகரத்தை அமைத்தது 1325, நம் பெரிய கோயில் 1010. மூன்று வருடங்களையும் கீழே கீழே எழுதி வைத்தேன், எதையும் விளக்கவில்லை. ஒரு பையன் இரண்டு விரலால் பலகையில் கழித்தல் கணக்குப் போட்டுப் பார்த்து, "86 வருஷம் நாமதான் சீனியர்" என்று நண்பனை இடித்தான்.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் துணுக்குகள் பெரும்பாலும் இரண்டு வரியில் முடிந்துவிடுகின்றன. அந்த இரண்டு வரிக்கு ஜனங்கள் எப்படிப் பேசுகிறார்கள், மூன்றாவது வரி வந்தால் எப்படிப் பேசுகிறார்கள் என்று தினமும் நான் வாசலில் பார்க்கிறேன். உலகின் மிகச் சிறிய போர் 38 நிமிடம் என்று போட்டிருந்தீர்கள். இங்கிலாந்துக்கும் ஜான்சிபாருக்கும், 1896 ஆகஸ்ட் 27. அதை அப்படியே எழுதினேன். "என் பொண்டாட்டியோட சண்டையே இதைவிட நேரமாகும்" என்று ஒருவர் சொல்ல, அன்று முழுக்க அதே சிரிப்புதான். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததைத் தப்பு என்று சொல்லமாட்டேன். மறுநாள் கூடுதலாகப் படித்து மூன்றாவது வரியை எழுதினேன்: காலை 9 மணிக்குக் கெடு முடிந்தது, அடுத்த இரண்டு நிமிடத்தில் பீரங்கிக் கப்பல்கள் சுட ஆரம்பித்தன, அரண்மனை மரத்தால் ஆனது, உள்ளே வேலைக்காரர்களும் அடிமைகளும் இருந்தார்கள், ஜான்சிபார் பக்கம் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் சுமார் 500 பேர், இங்கிலாந்து பக்கம் காயம்பட்டது ஒரே ஒரு மாலுமி. முந்தின நாள் பொண்டாட்டி ஜோக் சொன்னவர் வந்து படித்தார். "அப்போ இதைப் போய்ப் போர்னு எப்படிச் சொல்றது?" என்றார். அதே ஆள்தான் ஐயா. முதல் நாள் இரண்டு வரி படித்தார், மறுநாள் மூன்று வரி படித்தார், அவ்வளவுதான்.

இதைவிட என் மனதைக் குடைந்தது பாஸ்டன் விஷயம். "வெல்லப்பாகு வெள்ளத்தில் 21 பேர் பலி, அமெரிக்காவில் வினோதம்" என்று வந்திருந்தது. 1919 ஜனவரி 15 என்று தேதி மட்டும் போட்டிருந்தீர்கள். வாசலில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "சாகிறதுன்னா இப்படிச் சாகணும், இனிப்பா", "எறும்புக்குத்தான் அன்னைக்கு தீபாவளி". அப்போது சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மாமா உயிர்வாழ் சான்றிதழ் நகல் எடுக்க நின்றுகொண்டிருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "தம்பிகளா, மொலாசஸ் டேங்க் மேல நின்னு பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். அது தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு கனம், காலை விட்டால் எடுக்க வராது, கையை வீசி நீந்தவும் முடியாது, புளித்தால் காஸ் கட்டி உள்ளேயிருந்து தள்ளும், அதனால்தான் ஆலையில் அந்த டேங்க் பக்கம் போகும்போது யாரும் விளையாட்டாக இருக்கமாட்டார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, வாசல் அமைதியாகிவிட்டது. எத்தனையோ வருடம் அந்த வாடையிலேயே வேலை பார்த்தவர் சொல்கிறார், யார் குறுக்கே பேசுவது?

அன்று சாயங்காலம் மகளை விட்டுத் தேடச் சொன்னேன். அந்த டேங்க் 50 அடி உயரம், 90 அடி குறுக்களவு, உள்ளே சுமார் 87 லட்சம் லிட்டர். ஆல்கஹால் காய்ச்சுவதற்காகச் சேர்த்து வைத்த பாகு. கட்டும்போதே இரும்புத் தகடு இருக்க வேண்டிய கனத்தைவிட மெல்லிசு. தண்ணீர் நிரப்பிச் சோதிக்க வேண்டியதை, அடியில் ஆறு அங்குலம் மட்டும் ஊற்றிப் பார்த்துவிட்டுப் போதும் என்று விட்டார்கள். முதலிலிருந்தே ஒழுகியது. அந்தத் தெருக் குழந்தைகள் டப்பாவில் பிடித்துக்கொண்டு போவார்களாம், அவ்வளவு ஒழுக்கு. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? ஒழுகுவது வெளியே தெரியக் கூடாது என்று டேங்குக்குப் பாகு நிறத்திலேயே பெயிண்ட் அடித்தது. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு பதறிவிட்டது. கடைசியில் ஒருநாள் மதியம் அது வெடித்து, 25 அடி உயரத்துக்குப் பாகு எழும்பித் தெருவில் ஓடியது, மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வேகம் என்கிறார்கள். ரயில் பாலத்தின் இரும்பே வளைந்துவிட்டது. இறந்த 21 பேரில் இரண்டு பேர் பத்து வயதுக் குழந்தைகள். கம்பெனி, யாரோ குண்டு வைத்துவிட்டார்கள் என்று கோர்ட்டில் சொன்னது. வருடக்கணக்கில் விசாரணை நடந்து, 1925-ல் டேங்கின் பலவீனம்தான் காரணம் என்று தீர்ப்பானது, நஷ்ட ஈடும் கொடுக்க வேண்டி வந்தது.

அந்தப் பெயிண்ட் விஷயத்தை மட்டும் மறுநாள் பலகையில் எழுதினேன். யாரும் ஜோக் அடிக்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு கொத்தனார் இரண்டு தடவை படித்துவிட்டு, "விரிசல் மேல சுண்ணாம்பு அடிக்கிற வேலை எல்லா ஊர்லயும் இருக்கு போல" என்றார். ஆசிரியர் அவர்களே, "வினோதம்" என்று நீங்கள் போட்ட தலைப்பை நினைத்துப் பாருங்கள். அதற்குள் இவ்வளவு இருந்திருக்கிறது.

இன்னொன்று. செயற்கைக்கோளை மாட்டு வண்டியில் ஏற்றி வைத்த படம், அதையும் ஒருமுறை போட்டிருந்தீர்கள், "அன்றைய இந்தியாவின் நிலை" என்று கீழே ஒரு வரியோடு. ஆப்பிள் என்ற செயற்கைக்கோள், 1981. அதைப் பார்த்து ஒரு காலேஜ் பையன், "காசில்லாம மாட்டு வண்டில கொண்டு போயிருக்காங்க, பாவம்" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உண்மை என்னவென்றால், ஆன்டெனாவைச் சோதிக்கும்போது அடியில் இரும்பு வண்டி இருந்தால் அலைகளுக்கு இடைஞ்சல் வரும், உலோகம் இல்லாத மேடை ஒன்று தேவை. மர வண்டி அதற்குச் சரியாகப் பொருந்தியது. பார்க்கிறவர்கள் ஏழ்மை என்று நினைத்தது ஒரு இன்ஜினியர் யோசித்து எடுத்த முடிவு. அந்தப் படத்துக்குக் கீழே இந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பையன் பாவம் என்று சொல்லியிருக்கமாட்டான்.

எல்லாமே இப்படி முகத்தில் அறைகிற மாதிரி இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பாட்டி, விவரமான ஆள் யாரைப் பார்த்தாலும் "அவன் பெரிய எம்டன்" என்பாள். அது 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்ட ஜெர்மன் கப்பலின் பெயர் என்று உங்கள் துணுக்கில் படித்த நாள், பாட்டி உயிரோடு இல்லையே என்று இருந்தது. இந்த மாதிரி சந்தோஷமும் துணுக்கில்தான் கிடைக்கிறது.

அப்புறம் அந்த மணி. நான் எழுதியதிலேயே அதிகம் பேர் நின்று படித்தது அதைத்தான். வில்லியம் கொலன்சோ என்ற மிஷனரி 1836 வாக்கில் நியூசிலாந்தின் வடக்குப் பகுதியில் ஒரு மாவோரி கிராமத்துக்குப் போகிறார். அங்கே பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருக்கிறார்கள். பார்த்தால் அது பாத்திரம் இல்லை, விளிம்பு உடைந்த ஒரு மணி, கவிழ்த்துப் போட்டு அடுப்பில் வைத்திருக்கிறார்கள். புயலில் சாய்ந்த ஒரு மரத்தின் வேருக்கடியில் கிடைத்தது என்றார்களாம். அவர் ஒரு இரும்புச் சட்டியைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டார். மணியைச் சுற்றி எழுத்து இருக்கிறது. தமிழ் எழுத்து! "முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி." இன்று அது வெலிங்டன் நகரத்து தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இன்றுவரை யாரும் முடிவாக விடை சொல்லவில்லை.

நான் அந்த வாசகத்தை மணியில் இருக்கிற மாதிரியே புள்ளி இல்லாமல் எழுதி வைத்தேன், "கபபல" என்று. முதலில் நாலு பேர் "அக்கா, ஸ்பெல்லிங் தப்பு" என்றார்கள். காரணம் சொன்னதும் ஒவ்வொருவரும் தாங்களே புள்ளி வைத்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பழைய பத்திரம் படித்துப் பழகிய குமாஸ்தா ஐயா ஒருவர் தடங்கலே இல்லாமல் ஒரே மூச்சில் படித்தார். அதிராம்பட்டினத்திலிருந்து பாஸ்போர்ட் வேலையாக வந்த ஒரு பாய், வயது எழுபதுக்கு மேல், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டி, முகையதீன் என்கிற இடத்தில் நின்றார். அது அவருடைய அத்தாவின் பெயராம். "எங்க பெரியவங்க கப்பல் ஓட்டினாங்கன்னு வீட்டுல சொல்லுவாங்க, நாங்க நம்ப மாட்டோம்மா" என்றார். அந்த வாசகத்தை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, அதையும் லேமினேஷன் போட்டுத் தரச் சொன்னார். காசு வாங்க எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அவர் வைத்துவிட்டுத்தான் போனார்.

இந்த மாதிரி விஷயங்கள் இவ்வளவு இருக்கும்போது, திருநள்ளாறுக்கு மேலே வந்தால் செயற்கைக்கோள் சில விநாடி நின்றுவிடும் என்று நாசா சொன்னது என்கிற வகையறா எதற்கு? நாசா அப்படிச் சொல்லவே இல்லை. சுற்றுகிற செயற்கைக்கோள் நின்றால் மேலே நிற்காது, விழுந்துவிடும், இதை எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். வாட்ஸ்அப்பில் வருவதை நான் தடுக்க முடியாது. ஆனால் என் கடைக்கு வருகிறவர்கள் வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி "இது நிஜமாக்கா" என்று கேட்கிறார்கள், பேப்பரில் வந்ததைக் காட்டி அப்படிக் கேட்பதில்லை. "பேப்பர்லயே வந்திருக்கு" என்பது இன்னும் எங்கள் பக்கம் ஒரு முடிவான பேச்சு. நிழல் விஷயத்தில் அந்தப் பேச்சை நம்பி நானும் பலகையில் எழுதி, ஒரு நாள் முழுக்க எத்தனையோ பேரைத் தலையாட்ட வைத்துவிட்டேன் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அதனால் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். துணுக்குக்கு இப்போது இருக்கிற இடம் போதாது, வாரத்தில் ஒரு நாளாவது ஒரே ஒரு விஷயத்தை எடுத்து ஊர், வருடம், காரணம் மூன்றோடும் கால் பக்கம் போடுங்கள். மற்ற நாட்களில் இரண்டு வரி போட்டாலும் பரவாயில்லை, அதில் ஒன்று ஏன் அப்படி நடந்தது என்று சொல்லட்டும். கோயில், ஏரி, கோட்டை என்று போய்ப் பார்க்கக்கூடிய இடத்தைப் பற்றியதாக இருந்தால் உங்கள் உள்ளூர் நிருபர் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். பெரிய கோயில் இங்கேதான் இருக்கிறது, பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

மகள் செல்போனில் எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். மேற்குப் பிராகாரம், காலை 10 மணி 12 நிமிடம். கலசத்தின் நிழலுக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிற கால் என்னுடையது. திருத்தம் போடும்போது இந்தப் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். அந்தப் பேப்பரை வெட்டிப் பலகையில் ஒட்டி வைக்க வேண்டும், பென்ஷன் மனு என்ன ஆனது என்று கேட்க அந்த அம்மா அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
ஜெராக்ஸ் கடை, தஞ்சாவூர்.